நாள் எப்படிப் போகுது, பெரியம்மா?

மலேசியாவில் ரப்பர் தோட்டத்தை விட்டுத் தாமான் என்கிற வீடமைப்புப் பகுதிக்குக் குடிவந்த பெரியவர்களிடம் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால், முதலில் வீட்டைப் பற்றித்தான் பேசுவார்கள். மூன்று அறை. கழிப்பறை வீட்டுக்குள்ளேயே. மழைக்கு ஒழுகாத கூரை. எல்லாவற்றுக்கும் மேலாக, "வேலை முடிஞ்சது, வீட்டைக் காலி பண்ணு" என்று சொல்ல இனி யாருமில்லை. இதைச் சொல்லும்போது அவர்கள் முகத்தில் தெரிகிற நிறைவு உண்மையானது. அடுத்து, "நாள் எப்படிப் போகுது?" என்று கேட்டுப் பாருங்கள். கொஞ்ச நேரம் பதில் வராது. அப்புறம், "என்னத்தச் சொல்ல, விடியுது, அடையுது" என்பார்கள்.

அரசாங்கக் கிளினிக்கில் தாதியாக இருந்த காலம் முழுக்க இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறேன். இரத்த அழுத்தம் பார்க்கக் கையில் பட்டையைச் சுற்றும்போது கேட்கத் தோதான கேள்வி. தூக்கம் வருகிறதா, சாப்பாடு இறங்குகிறதா, மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார்களா என்பதெல்லாம் அந்தப் பதிலிலேயே பாதி தெரிந்துவிடும். ஓய்வு பெற்ற பிறகும் கேட்பதை நான் விடவில்லை. ஊரில் இன்னும் என்னை "மிஸ்ஸி" என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

எங்கள் ஊர் சிலாங்கூர் மாநிலத்தில் உள்ள பத்தாங் பெர்ஜுந்தை. பெயர்ப்பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று இருக்கும். வயதானவர்கள் வாயில் பழைய பெயர்தான். ஒரு பக்கம் சிலாங்கூர் ஆறு, இன்னொரு பக்கம் ஈயம் தோண்டிய பழைய குட்டைகள், மீதியெல்லாம் செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை. 1917-ல், மலாயாவிலேயே முதன்முதலாக வணிக முறையில் செம்பனை நட்ட தென்னமரம் தோட்டம் எங்களுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ரப்பர் இருந்த காலத்தில் ஒவ்வொரு தோட்டமும் ஒரு முழு ஊர்: லயங்கள் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகள், மாரியம்மன் கோயில், தமிழ்ப்பள்ளி, பிள்ளைக் கொட்டகை, கள்ளுக்கடை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது ஆள் தேவை குறைந்தது. பிறகு நிலத்துக்கு விலை ஏறியது. சிலாங்கூரில் எத்தனையோ தோட்டங்கள் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் போயின. நாட்டின் நிர்வாகத் தலைநகரான புத்ராஜெயா நிற்கிற இடமே ஒரு காலத்தில் பிராங் பெசார் தோட்டம்தான்.

மனம் நன்றாக இருக்க என்ன செய்ய வேண்டும் என்று கைப்பேசியில் தினமும் எனக்கு ஏதாவது வருகிறது. நல்லதையே நினை, மூச்சுப் பயிற்சி செய், நன்றியோடு இரு. செய்யலாம், நல்லதுதான். ஆனால் இந்த ஊரில் நான் பார்த்தவரை, ஒருவருடைய மனநிறைவில் பெரும்பகுதி அவர் மண்டைக்கு வெளியே இருக்கிறது. காலையில் எழுந்திருக்க ஒரு காரணம், வராவிட்டால் தேடுகிற நாலு பேர், கைக்கு வசப்பட்ட ஒரு வேலை, தன் காரியத்தில் தன் சொல் செல்லும் என்ற நிலை. இவை இருக்கிறவர்கள் துக்கம் வந்தாலும் தாங்கிக்கொள்கிறார்கள். இவை போன வீட்டில் நின்று "நல்லதை நினைங்க மாமா" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இந்த எண்ணம் எனக்கு உறுதிப்பட்டது, ஆஸ்திரியாவில் உள்ள மரியந்தால் என்ற சிற்றூரைப் பற்றிப் படித்தபோது. வியன்னாவுக்கு அருகில், ஒரே ஒரு நெசவாலையை நம்பிப் பிழைத்த ஊர். 1930 தொடக்கத்துக்குள் ஆலை முழுவதும் மூடப்பட்டுவிட்டது. மொத்தம் 478 குடும்பங்கள். அவற்றில் முக்கால்வாசிக்கும் அதிகமான வீடுகளில் வேலையில் இருந்தவர் ஒருவர்கூட இல்லை. மரீ யஹோதா, பால் லாசர்ஸ்பெல்ட், ஹான்ஸ் சைசல் ஆகியோர் அங்கம் வகித்த ஆய்வுக் குழு அங்கே போய் ஆராய்ந்து, 1933-ல் கண்டதை வெளியிட்டது.

வேலை இல்லாவிட்டால் நேரம் கிடைக்கும், நேரம் கிடைத்தால் படிப்பார்கள், சங்கத்துக்குப் போவார்கள் என்றுதானே நினைப்போம்? அங்கே நடந்தது வேறு. தொழிலாளர் நூலகத்தில் இரவல் கட்டணத்தையே எடுத்துவிட்டார்கள். இருந்தும் இரண்டே ஆண்டில், வீட்டுக்கு எடுத்துச்சென்ற புத்தகங்களின் எண்ணிக்கை ஏறக்குறைய பாதியாகிவிட்டது. ஆராய்ச்சிக்காரர்கள் தெருவில் நடப்பவர்களை மறைவில் இருந்து கவனித்தார்கள். ஆண்களில் பலர் கொஞ்ச தூரத்துக்குள் பல தடவை நின்று நின்று போனார்கள். பெண்களில் பெரும்பாலோர் நிற்காமல் நடந்தார்கள். அவர்களுக்கு வீட்டில் அடுப்பும் பிள்ளைகளும் துணியும் காத்திருந்தன. பல ஆண்கள் கைக்கடிகாரம் கட்டுவதையே விட்டுவிட்டார்கள். ஒரு நாளை மணிக்கணக்காக எழுதித் தரச் சொன்னபோது, ஒருவர் காலைக்கும் மதியத்துக்கும் நடுவே இருந்த நேரத்துக்கு "அதற்குள் மதியம் ஆகிவிடுகிறது" என்று எழுதிக் கொடுத்தார்.

"விடியுது, அடையுது" என்று எங்கள் தாமானில் சொல்கிறார்களே, அதேதான். கண்டம் தாண்டி, 1930-களில், வேறு மொழியில், வேறு வேலை செய்த ஒரு மனிதர் சொன்னது. எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. எங்கள் ஆட்களைச் சோம்பேறிகள் என்றும், தோட்டத்துப் புத்தி போகவில்லை என்றும் எங்கள் ஆட்களே பேசக் கேட்டிருக்கிறேன். கேட்டு மனம் கசந்திருக்கிறேன். நாளின் சட்டகம் உடைந்தால் எந்த ஊர் மனிதரும் இப்படித்தான் ஆவார் என்பதற்கு அந்த ஆஸ்திரியத் தெரு சாட்சி.

யஹோதா பிற்காலத்தில் இதை இன்னும் தெளிவாக்கினார். வேலை சம்பளத்தோடு சேர்த்து, யாரும் கேட்காமலேயே ஐந்து பொருள்களைக் கொடுக்கிறது என்றார்: பொழுதுக்கு ஒரு ஒழுங்கு, குடும்பத்துக்கு வெளியே மனிதர்கள், பலர் சேர்ந்து ஒன்றைச் செய்கிறோம் என்ற உணர்வு, "நான் இன்னார்" என்ற அடையாளம், கைகாலுக்கு வழக்கமான இயக்கம். சம்பளத்தைக் கணக்குப் பார்த்து இழப்பீடு கொடுக்கலாம். இந்த ஐந்துக்கு யார் கொடுப்பது?

ரப்பர் தோட்டத்தில் இந்த ஐந்தும் எப்படிக் கிடைத்தன என்று பார்த்தால் புரியும். விடிவதற்கு முன்னே பெரட்டு. பேர் கூப்பிடுவார்கள். அங்கே இல்லாவிட்டால் ஏன் இல்லை என்று கங்காணி கேட்பார், பக்கத்து நிரையில் வெட்டுகிறவர் கேட்பார், மதியத்துக்குள் லயம் முழுக்கக் கேட்டுவிடும். நெற்றியில் விளக்கு. சில நூறு மரங்கள். வெயில் ஏற ஏறப் பால் ஓட்டம் குறைந்துவிடும், அதனால் இருட்டோடு வெட்டியாக வேண்டும். பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும். ஆழம் போய்விட்டால் மரத்துக்குக் காயம், அந்த இடத்தில் புதுப் பட்டை மேடும் பள்ளமுமாகத்தான் வளரும், அடுத்த சுற்றில் அங்கே கத்தி ஓடாது. ஆழம் போதாவிட்டால் பால் வராது. இரண்டுக்கும் நடுவே இருக்கிற அந்த இடத்தைக் கை அறியும். என் அம்மாவின் கை அறியும். அம்மா வெட்டிய மரத்தைப் பார்த்தாலே இது இன்னார் வெட்டு என்று மற்றவர்கள் சொல்வார்கள். பள்ளிக்கூடம் போகாத ஒரு பெண்ணுக்கு அது கையெழுத்து.

மங்குகளில் பால் நிறைந்ததும் எடுத்துக்கொண்டு ஸ்டோருக்குப் போய் நிறுப்பார்கள். அந்த வரிசையில்தான் ஊர்ச்செய்தி எல்லாம். யார் வீட்டில் பெண் பார்க்க வருகிறார்கள், யாருக்கு மேல் முடியவில்லை, திருவிழாவுக்கு எந்த லயம் என்ன செய்யப்போகிறது. உழைப்புக்கு நடுவே மனிதர்கள் தானாகவே வந்து சேர்ந்தார்கள். அதற்கென்று யாரும் ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கவில்லை.

தோட்டம் சொர்க்கமாக இருந்தது என்று எழுத எனக்கு மனம் ஒப்பாது. மழை பெய்து பட்டை நனைந்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லாவிட்டால் அன்றைய கூலியும் இல்லை. வீடு வேலையோடு கட்டப்பட்டது. வேலை போனால் கூரை போகும். தோட்ட நிர்வாகியான துரை சொன்னால் சரி, கணக்கெழுதும் கிராணி எழுதினால் சரி. கள்ளுக்கடையில் கரைந்த சம்பளத்துக்கும், அதற்குப் பிறகு வீட்டில் விழுந்த அடிக்கும் கணக்கில்லை. தோட்டத்து ஞாபகங்களை வெறும் பசுமையாகப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள் என்பதை நான் கவனித்திருக்கிறேன். பெண்களிடம் கேட்டால் பெரட்டுக்கு முன்னே எழுந்து சமைத்ததையும் சொல்வார்கள்.

எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரையன் என்ற இரண்டு உளவியலாளர்கள், மனிதர் செழிப்பதற்கு அடிப்படையாக மூன்று தேவைகளைச் சொல்கிறார்கள்: தன் விருப்பப்படி நடக்கும் உரிமை, செய்வதில் திறமை, பிறரோடு உறவு. இன்னொரு உளவியலாளரான கரோல் ரிஃப் 1989-ல் ஆறாகப் பிரித்தார். தன்னை ஏற்றுக்கொள்வது, நல்ல உறவுகள், தன்னுரிமை, தன் சூழலைச் சமாளிக்கும் திறன், வாழ்வுக்கு ஒரு நோக்கம், வளர்ந்துகொண்டே இருப்பது. இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் எங்கள் ஊர்க் கதை தெளிவாகத் தெரிகிறது. தோட்டம் உறவையும் திறமையையும் அள்ளிக் கொடுத்தது, உரிமையைக் கொடுக்கவே இல்லை. தாமான் உரிமையைக் கொடுத்தது. சொந்தக் கதவு, சொந்தப் பூட்டு. உறவையும் திறமையையும் அது வாங்கிக்கொண்டது. அடுத்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று தெரியாமல் கதவைச் சாத்திக்கொண்டு வாழ்கிறோம். நாற்பது ஆண்டுகள் பழகிய கை மடியில் சும்மா கிடக்கிறது.

இதில் மீண்டு வந்தவர்களைப் பற்றி எழுதத்தான் இந்தக் கட்டுரையையே தொடங்கினேன்.

எனக்குப் பெரியம்மா முறை ஆகிற ஒருவர் இருக்கிறார். கணவர் போய்விட்டார், பிள்ளைகள் கிள்ளானிலும் சிங்கப்பூரிலும். தாமானுக்கு வந்த புதிதில் வாசலிலேயே உட்கார்ந்திருப்பார். பிறகு கால்வாய் ஓரம் கிடந்த காலி மண்ணைக் கொத்த ஆரம்பித்தார். முதலில் கொஞ்சம் கீரை, பிறகு பாகற்கொடி, வெண்டை, கங்கோங் கீரை. இப்போது பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் ஒரு சின்ன மேசை போடுகிறார். வருமானம் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் அவரிடம் நாள் எப்படிப் போகிறது என்று கேட்டால் பதில் நீளமாக வருகிறது. "இந்த மழைக்கு வெண்டை எல்லாம் பூச்சி அடிச்சிருச்சும்மா, வேப்பெண்ணெ கரைச்சி ஊத்தணும். செவ்வாக்கிழமைக்குள்ள பாகற்காய் பறிக்கலேன்னா பழுத்துரும். அந்த மலாய்க்காரப் புள்ள வந்து கேக்கும், இல்லேன்னு சொல்ல முடியாதுல்ல." ஒரே மூச்சில் வேலை, நாள்கணக்கு, எதிர்பார்த்து வரும் ஒரு மனிதர். எந்தச் செடியை எப்போது நடுவது என்று முடிவெடுப்பது அவர். அறுபது வயதுக்கு மேல்தான் அந்த உரிமை அவருக்கு வாய்த்தது.

1976-ல் எலன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற உளவியலாளர்கள் இருவரும் அமெரிக்காவில் ஒரு முதியோர் இல்லத்தில் செய்த சோதனை நினைவுக்கு வருகிறது. ஒரு மாடியில் இருந்தவர்களிடம், உங்கள் காரியங்களை நீங்களே முடிவு செய்யுங்கள் என்று சொல்லி, வேண்டுமானால் ஒரு செடியைத் தேர்ந்தெடுத்து நீங்களே பராமரியுங்கள் என்றார்கள். இன்னொரு மாடியிலும் செடி கொடுத்தார்கள், தண்ணீர் ஊற்றுவதைத் தாதிகள் பார்த்துக்கொள்வார்கள் என்றார்கள். பொறுப்பு ஏற்றவர்கள் அதிகச் சுறுசுறுப்பாகவும் மகிழ்ச்சியாகவும் காணப்பட்டார்கள். சிறிய ஆய்வுதான், அதை வைத்துப் பெரிய கோட்டை கட்டக் கூடாது. ஆனால் தாதியாக இருந்த எனக்கு அது ஊசி போலக் குத்தியது. முதியவர்கள்மேல் உள்ள பாசத்தில், அவர்கள் கையில் இருக்கிற எல்லா வேலையையும் நாம் பிடுங்கிக்கொள்கிறோம். "நீங்க உக்காருங்கப்பா, நான் பாத்துக்கிறேன்" என்று பிள்ளைகள் சொல்வது அன்புதான். அதைத் தினமும், எல்லாவற்றுக்கும் சொல்லாதீர்கள் என்றுதான் கேட்கிறேன். தேங்காய் துருவட்டும். பேரப்பிள்ளையைப் பள்ளிக்கு நடத்திக் கூட்டிப்போகட்டும்.

உறவைப் பற்றி ஹார்வர்டு ஆய்வு ஒன்றைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1938-ல் தொடங்கியது, ஹார்வர்டு மாணவர்களையும் பாஸ்டன் நகரின் ஏழைப் பகுதிச் சிறுவர்களையும் சேர்த்து 724 பேரை வாழ்நாள் முழுக்கத் தொடர்ந்து கவனித்தார்கள். ஐம்பது வயதில் தங்கள் உறவுகளில் நிறைவாக இருந்தவர்கள்தான் எண்பதில் ஆரோக்கியமாக இருந்தார்கள்; அதைக் கணிக்கக் கொலஸ்ட்ரால் அளவைவிட உறவே நன்றாக உதவியது என்கிறார் இப்போதைய இயக்குநர் ராபர்ட் வால்டிங்கர். 2010-ல் ஜூலியான் ஹோல்ட்-லன்ஸ்டாட் குழு 148 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, வலுவான உறவுகள் உள்ளவர்கள் உயிரோடிருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 50 விழுக்காடு அதிகம் என்று கண்டது. கிளினிக்கில் கொலஸ்ட்ராலுக்குச் சீட்டு இருக்கிறது. "கடைசியாக யாரோடு உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தீர்கள்?" என்று கேட்க அந்தச் சீட்டில் இடமில்லை. நான் பக்கத்தில் பென்சிலால் எழுதி வைப்பேன்.

பணத்தையும் சொல்லிவிட வேண்டும். பணம் மனநிறைவு தராது என்ற பேச்சு, கடன்காரன் கதவைத் தட்டாத வீடுகளில்தான் அதிகம் கேட்கிறது. டேனியல் கானமன், அங்கஸ் டீட்டன் இருவரும் 2010-ல், அமெரிக்காவில் ஆண்டுக்கு 75,000 டாலருக்கு மேல் போனால் அன்றாட மகிழ்ச்சி கூடவில்லை என்றார்கள். 2023-ல் கானமனே மாத்யூ கில்லிங்ஸ்வொர்த்தோடு சேர்ந்து மறுபடி பார்த்து, பெரும்பாலோருக்கு அதற்கு மேலும் கூடிக்கொண்டுதான் போகிறது என்றும், மிகவும் துயரத்தில் இருக்கிற ஒரு பகுதியினருக்குத்தான் ஒரு கட்டத்தில் நின்றுவிடுகிறது என்றும் திருத்தினார்கள். எங்கள் ஊருக்கு அந்த உயரத்துக் கணக்கு தேவையில்லை. தோட்டத்தில் நாள் கூலி வாங்கிய தலைமுறைக்குச் சேமநிதியில் கிடைத்தது கொஞ்சம். மாதம் சில நூறு வெள்ளி (ரிங்கிட்) நிச்சயமாக வரும் என்று தெரிந்தாலே தூக்கம் வருகிற வீடுகள் இங்கே இருக்கின்றன.

இன்னொன்றும் முக்கியம். கீரைத்தோட்டமும் நாலு பேர் பேச்சும் எல்லா மனத்துயரத்துக்கும் மருந்து என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மனச்சோர்வு ஒரு நோய். மலேசியாவின் தேசிய சுகாதார ஆய்வில், 2019-ல் 2.3 விழுக்காடாக இருந்த மனச்சோர்வு 2023-ல் 4.6 விழுக்காடாகியிருக்கிறது. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் மனம் ஒட்டவில்லை, தூக்கமில்லை, உயிர் வாழ்வதே பாரமாக இருக்கிறது என்றால் கிளினிக்குக்கு வாருங்கள்; இரத்த அழுத்தத்துக்கு வருவது போலவே வாருங்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டப் பிரிவு 309 நீக்கப்பட்டு, 2023-லிருந்து அது குற்றமில்லை. போலீஸ் வருமோ என்று பயந்து குடும்பங்கள் விஷயத்தை மறைத்த காலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்தப் பயம் இனி வேண்டாம். சுகாதார அமைச்சின் உதவி எண் 15555.

உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்து வாக்கியக் கேள்வித்தாள் ஒன்று உண்டு. கடந்த இரண்டு வாரங்களில் மகிழ்ச்சியாக இருந்தேனா, அமைதியாக இருந்தேனா, சுறுசுறுப்பாக இருந்தேனா, காலையில் புத்துணர்வோடு எழுந்தேனா என்று போகும். ஐந்தாவது, என் அன்றாட வாழ்வில் எனக்கு ஆர்வமூட்டும் விஷயங்கள் நிறைந்திருந்தனவா என்பது. ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை போட்டுக் கூட்டி, நாலால் பெருக்க வேண்டும். ஐம்பதுக்குக் கீழே இருந்தால் கவனிக்க வேண்டும். உறவினர் வீட்டுக்குப் போகும்போது பேச்சோடு பேச்சாக இந்த ஐந்தையும் கேட்டுவிடுவேன். முதல் நாலுக்கும் "பரவாயில்ல" என்று சமாளிக்கிறவர்கள் ஐந்தாவதில் நின்றுவிடுகிறார்கள்.

எதிர்வீட்டு மாமா அப்படி நின்றவர்களில் ஒருவர். ஒரு காலத்தில் வேலைக்காட்டில் கங்காணி. விடியற்காலை பெரட்டில் அத்தனை பேர் பெயரையும் ஏடு பார்க்காமல் கூப்பிட்டவர். இன்றும் அதே நேரத்துக்கு விழிப்பு வந்துவிடுகிறது. எழுந்து என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. "கண்ணு முழிச்சிக்கிது மிஸ்ஸி, ஆனா ஆளில்லையே" என்றார்.

மரியந்தாலுக்குப் போன குழுவில் ஒரு விதி இருந்தது: வெறுமனே வேடிக்கை பார்க்க யாரும் போகக் கூடாது, ஊருக்கு ஏதாவது செய்துகொண்டுதான் ஆராய வேண்டும். பழைய துணிகள் சேகரித்துக் கொடுத்தார்கள், மருத்துவர் வந்து பார்த்தார், துணி வெட்டித் தைக்கக் கற்றுக்கொடுத்தார்கள். அந்த விதி எனக்கு மிகவும் பிடித்தது. எங்கள் தாமானில் ஒரு பாலாய் ராயா, அதாவது பொது மண்டபம், இருக்கிறது. கல்யாணம், காரியம், தேர்தல் தவிர மற்ற நாள்களில் பூட்டியே கிடக்கிறது. அதைக் காலையில் திறந்துவிடச் சொல்லிக் குடியிருப்பாளர் சங்கத்தில் கேட்டிருக்கிறேன். வாரத்தில் ஒரு காலை இரத்த அழுத்தம் நான் பார்க்கிறேன். பெரியம்மா தன் கீரையை அங்கேயே கொண்டுவந்து விற்கச் சம்மதித்துவிட்டார். வருகிறவர்கள் பெயரை ஓர் ஏட்டில் எழுத வேண்டும். இரண்டு வாரம் தொடர்ந்து வராதவர் வீட்டுக்கு ஒருவர் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும்.

சங்கத்தில் சரி என்றார்கள். மண்டபச் சாவியும் ஏடும் யாரிடம் இருப்பது என்பதுதான் பாக்கி. நான் மாமாவின் பெயரைக் கொடுத்திருக்கிறேன், அவரிடம் கேட்டுவிட்டுத்தான். தலைகளை எண்ணுகிற வேலை என்றால் தனக்குச் சம்மதம் என்று சொன்னார். மண்டபத்தை எத்தனை மணிக்குத் திறப்பது என்பதில் மட்டும் எங்களுக்குள் இன்னும் ஒத்துப்போகவில்லை. நான் எட்டு என்கிறேன். அவர் ஐந்தரை என்கிறார்.